போகிக்கு நான் கொண்டுபோன டின்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மாமனார் வீட்டு முன்னோர்களை, ஏழு தலைமுறையையும் சேர்த்து, ஒரே மாலையில் இருமவைத்தவன் நான்தான். (முன்னோர்கள் இருமியதை நான் பார்க்கவில்லை. உயிரோடு இருந்த பதினாறு பேர் இருமியதைப் பார்த்தேன். அதை வைத்துச் சொல்கிறேன்.)

மருந்து கலக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு தொழில் வியாதி உண்டு. தன்னம்பிக்கை. நாலு போத்தலைத் தூக்கிப் பிடித்து, வெளிச்சத்தில் பார்த்து, குலுக்கிக் கொடுத்துவிட்டால் போதும். டாக்டரே நம்மிடம் வந்துதான் சந்தேகம் கேட்க வேண்டும் என்று தோன்ற ஆரம்பித்துவிடும். எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

அப்போது எனக்கு வயது இருபத்து நான்கு. மலாக்கா டவுனில் ஒரு தனியார் டாக்டரிடம் டிஸ்பென்சர். டாக்டர் சீட்டு எழுதுவார், நான் மருந்தைக் கலந்து லேபிள் ஒட்டிக் கொடுப்பேன். மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஊரில் ஆளாளுக்கு நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்கள். நானும் நிமிர்த்தித்தான் நடந்தேன். ஆனால் என் நெஞ்சுக்குள் சின்ன வயதிலிருந்தே ஒரு விசில் இருந்தது. மழை வந்தால் ஊதும், பூனை வந்தால் ஊதும், யாராவது பக்கத்தில் புகை போட்டால் நிற்காமல் ஊதும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் இளைப்பு. கிளினிக் சீட்டில் ஆஸ்துமா.

இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறதே நீல நிறத்தில் ஒரு இன்ஹேலர், அப்படி எதுவும் அன்றைக்குக் கிடையாது. எபிட்ரின் மாத்திரை இருந்தது. அது மூச்சைத் திறக்கும். கூடவே கையை நடுங்கவைத்து, நெஞ்சைப் படபடக்கவைத்து, தூக்கத்தையும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். இளைப்பு முற்றினால் டாக்டர் அட்ரினலின் ஊசி போடுவார். வசதியுள்ளவர்கள் கண்ணாடியில் செய்த ஒரு சின்னக் குழலை வைத்திருப்பார்கள். அதன் வாலில் இருக்கும் ரப்பர் பந்தை அமுக்கினால் மருந்து ஆவியாக வாய்க்குள் போகும். வசதியில்லாத என்னைப் போன்றவர்களுக்கு இருந்தது தூள். ஊமத்தை இலையைக் காயவைத்துப் பொடித்து, வெடியுப்பு கலந்தது. ஒரு சிட்டிகையைத் தட்டில் வைத்துக் கொளுத்தி, வரும் புகையை இழுக்க வேண்டும். புகையால் வருகிற இளைப்புக்குப் புகையே மருந்தா என்று கேட்காதீர்கள். நானும் டாக்டரிடம் கேட்டேன். "கேள்வி கேக்காம இழு" என்றார்.

இந்த நிலைமையில்தான் தேவகி கிளினிக்குக்கு வந்தாள்.

காஜா பேராங்கில், கம்போங் செட்டி என்கிற செட்டிக் குடியிருப்பில் அவள் வீடு. மலாக்காச் செட்டிகள் எப்போதோ தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்து, இங்கேயே பெண் எடுத்து, இங்கேயே ஊன்றிவிட்டவர்கள். கோயில், பொங்கல், விபூதி எல்லாம் நம்முடையது. பேச்சு மட்டும் மலாய். (ஆகவே இனிமேல் அந்த வீட்டார் பேசுவதெல்லாம் மலாயில் பேசியது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் நம் பேச்சில் மாற்றித் தருகிறேன்.) அவள் கேட்டது இருமல் மருந்து. அவளுக்கில்லை, அப்பாவுக்கு.

"அவரையே கூட்டிட்டு வாங்களேன், டாக்டர் பார்க்கட்டும்" என்றேன்.

"நாலு வருஷமாக் கூப்பிடுறேன் லா. சும்மா இருமல்தான்னு சொல்றார். மாடிப்படி ஏறினா பாதியில நின்னு மூச்சு வாங்குறார். கேட்டா, படியை எண்ணிக்கிட்டிருந்தேன்னு சொல்றார்."

நான் மருந்தை ஊற்றிக்கொண்டே அவளைப் பார்த்தேன். போத்தல் நிரம்பி மேசையில் வழிந்தது. அப்புறம் வாரம் ஒரு போத்தல் என்று ஐந்து மாதம் வந்தாள். அவள் அப்பாவின் இருமல் குறையவே இல்லை; அதற்காக நான் வருத்தப்பட்டதாகச் சொன்னால் அது பொய்.

எங்கள் இருவருக்கும் பிடித்துப்போன விஷயம் பெரியவர்களிடம் போனது. என் அக்கா கமலம்தான் எனக்குத் தாய் தகப்பன் எல்லாம். அவள் போய்ப் பேசிவிட்டு வந்தாள். தேவகியின் அப்பா நடராஜா பிள்ளை நில அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. எதையும் எழுத்தில் கேட்டு, முத்திரை குத்தி வாங்குகிற மனிதர். ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த பையன் என்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மலாய் நன்றாகப் பேசுவானா என்று கேட்டாராம். பிறகு ஒரே ஒரு நிபந்தனை.

"இளைப்பு இருக்கிற குடும்பமா இருக்கக் கூடாதாம்டா" என்றாள் அக்கா. "அவரோட அண்ணன் அதுலதான் போனாராம். அந்தச் சீக்கு மறுபடி எங்க வீட்டு வாசப்படி ஏறக் கூடாதுன்னு சொல்றார்."

"நீ என்ன சொன்னே?"

"எங்க பையன் குதிரை மாதிரி இருப்பான்னு சொன்னேன்." அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "போகிக்கு உன்னைக் கூப்பிட்டிருக்காங்க. அங்க போயி விசில் கிசில் அடிச்சே, கொன்னுடுவேன்."

போகியன்று கம்போங் செட்டி வீடுகளில் முன்னோருக்குப் படையல் போடுவார்கள். பார்ச்சு என்பார்கள். போனவர்கள் உயிரோடு இருந்தபோது எதை ஆசையாகச் சாப்பிட்டார்களோ அதையெல்லாம் வாழை இலையில் வைப்பார்கள். ஒருவருக்கு நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, இன்னொருவருக்கு மீன் குழம்பு, சுருட்டு பிடித்தவருக்குச் சுருட்டு, ஸ்டவுட் பீர் குடித்தவருக்கு ஸ்டவுட். பிறகு சாம்பிராணி. அதை அவர்கள் கெமஞான் என்பார்கள். நடராஜா பிள்ளை வீட்டில் அதற்குத் தனிச் சட்டம்: புகை முன்னோருக்குப் போய்ச் சேரும்வரை ஒரு ஜன்னலும் திறக்கக் கூடாது.

மூடிய வீடு, பதினாறு பேர், நிறையப் புகை. என் நெஞ்சுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் மலாக்காவில் கிடையாது. வேறு யாராக இருந்தாலும் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்திருப்பார்கள். நான் டிஸ்பென்சர் அல்லவா? திட்டம் போட்டேன்.

கிளம்பும் முன் எபிட்ரின் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டேன். அவசரத்துக்குத் தூளையும் எடுத்துக்கொண்டேன். ஆனால் அந்தத் தூள் வந்த டின்னின் மேல் ஒரு மனிதன் மூச்சுக்குத் திணறுகிற படம் போட்டிருக்கும். அதைப் பிள்ளை பார்த்தால் கதை முடிந்தது. ஆகவே தூளை முழுக்க ஒரு காலி சாம்பிராணி டின்னில் கொட்டினேன். அக்கா வேறு, "வெறுங்கையோட போவாதடா" என்று ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் கோயில் பக்கத்துக் கடையிலிருந்து புது சாம்பிராணி ஒரு டின் வாங்கி வைத்திருந்தாள். இரண்டும் ஒரே கடை டின். ஒன்றில் லேபிள் ஒட்டியிருக்கலாம். தினமும் ஐம்பது லேபிள் ஒட்டுகிறவன் நான். ஆனால் எனக்கு எதற்கு லேபிள்? மூடியைத் திறந்து ஒரு தடவை மோந்து பார்த்தால் தெரிந்துவிடாதா?

(அன்று எனக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்து மூன்று நாள் ஆகியிருந்தது என்பதைத் திட்டம் போட்டபோது நான் கணக்கில் எடுக்கவில்லை.)

வலது பையில் ஒரு டின், இடது பையில் ஒரு டின். சைக்கிளில் காஜா பேராங் போய்ச் சேர்வதற்குள் இரண்டு மாத்திரையும் வேலையைக் காட்டத் தொடங்கிவிட்டன. நெஞ்சு அடித்த அடியில் சட்டைப் பொத்தான் அசைந்தது. தேவகியின் அம்மா காப்பி கொடுத்தார். கோப்பையும் தட்டும் என் கையில் கடகடவென்று தாளம் போட்டன. பிள்ளை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"பயமா?" என்றார்.

"மரியாதை" என்றேன்.

அவருக்கு அது பிடித்துவிட்டது. சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறியது, இருமலை அடக்க எழுந்து போய் ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டார். இரண்டு கையையும் ஜன்னல் கட்டையில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினார். அப்படி நிற்பது எதற்கு என்று எனக்குத் தெரியாதா? நானே அப்படி எத்தனை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்! ஆனால் மாப்பிள்ளையாகப் போகிறவன் அதையெல்லாம் சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

படையல் தயாரானதும் எழுந்து, பையில் கையை விட்டு ஒரு டின்னை எடுத்து, அடைத்த மூக்கால் மோந்து, இதுதான் என்று தீர்மானித்து, இரண்டு கையாலும் தேவகியின் அம்மாவிடம் நீட்டினேன். "துக்காங் எமாஸ் கடைச் சாம்பிராணி, முதல் தரம்" என்றேன். அவர் மகிழ்ந்துபோய், தான் வாங்கி வைத்திருந்ததை உள்ளே வைத்துவிட்டு, என்னுடையதைப் பிள்ளையிடம் கொடுத்தார். ஜன்னல்களைச் சாத்தினார்கள். தூபக்காலில் கரியை விசிறிக்கொண்டிருந்தவர் பிள்ளையின் தம்பி, தேவகியின் சித்தப்பா. அவர் மூக்கு கரியிலிருந்து ஒரு சாண் தூரம்கூட இல்லை.

நான் வீட்டில் ஒரு சிட்டிகை போடுவேன். பிள்ளை முன்னோருக்குக் கை சுருக்காதவர். டின்னைச் சாய்த்துப் பாதியைக் கொட்டினார்.

வெடியுப்பு என்று சொன்னேன் அல்லவா? சுர்ரென்று ஒரு சத்தம், ஒரு முழ உயரத்துக்குப் பொறி, அதன் பின்னால் சாம்பல் நிறத்தில் திரண்டு எழுந்தது புகை. "அலாமா!" என்று யாரோ கத்தினார்கள். பிறகு எல்லோரும் இருமத் தொடங்கினார்கள். குழந்தைகள் இருமின, அத்தைகள் இருமினார்கள், சுவரில் மாட்டியிருந்த படங்கள் ஒவ்வொன்றாகப் புகைக்குள் மறைந்தன. ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. படையல் நடக்கும்போது எழுந்தால் மரியாதைக் குறைவு. அந்தக் குடும்பத்தின் ஒழுக்கத்தை இன்றைக்கும் நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கும்.

எனக்கு மட்டும் ஏதோ வித்தியாசமாக இருந்தது. சாம்பிராணிப் புகை பட்டதும் நெஞ்சு அடைக்க வேண்டும். அடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சு தாராளமாக, இதமாக, அடிவயிறு வரை போனது. அடடா, இந்த வீட்டு முன்னோர்கள் என்னை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று கண் கலங்கியது. கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை தேடிக் கையைப் பையில் விட்டேன். டின் தட்டுப்பட்டது. எடுத்துத் திறந்து பார்த்தேன். உள்ளே கட்டி கட்டியாகச் சாம்பிராணி இருந்தது. தூள் எங்கே இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சொல்லியிருக்க வேண்டும், அங்கேயே, அப்போதே. சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பிள்ளை ஒரு காரியம் செய்தார்.

மூச்சை இழுத்தார். அவ்வளவுதான். ஆனால் நீளமாக, தடையில்லாமல், ஒரு முழு மூச்சு. காதோடு ஒட்டியிருந்த தோள் இரண்டும் கீழே இறங்கின. மறுபடி இழுத்துப் பார்த்தார். பிறகு சுவரில் மங்கலாகத் தெரிந்த தன் அப்பாவின் படத்தைப் பார்த்துக் கை கூப்பினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"அப்பா வந்துட்டார்" என்றார். "என் நெஞ்சுல கையை வச்சுத் தடவிட்டார். இத்தனை வருஷத்துல இப்படி மூச்சு வந்ததே இல்லை." என் பக்கம் திரும்பினார். "இந்தப் பையன் கொண்டுவந்த கெமஞான்ல வந்துட்டார்."

மற்ற எல்லோரும் இருமிக்கொண்டே என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள்.

ஜன்னல்களைத் திறந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அடுத்தது தொடங்கியது. ஊமத்தை வாயை வறளவைக்கும். அத்தனை நாசி லெமாக், அத்தனை குழம்பு, ஒருவருக்கும் ஒரு வாய் உள்ளே இறங்கவில்லை. தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு இரண்டு பானையைக் காலி செய்தார்கள். எல்லோருடைய கண்மணியும் விரிந்துபோய், வாசல் வெளிச்சத்தைப் பார்த்துக் கண் கூசி உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா மட்டும் சாப்பிட வரவே இல்லை. படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, "சரிங்கப்பா... சொல்றேன்பா... மாமரத்தை வெட்டலேப்பா" என்று மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். குடும்பம் பயபக்தியோடு அவரைச் சுற்றி நின்றது. எனக்கு மட்டும்தான் அது அருள் இல்லை, அளவு மீறிய மருந்து என்று தெரியும்.

பிள்ளை என் தோளைத் தட்டினார். "கல்யாணத்தைத் தை மாசமே வச்சுக்கலாம். இன்னொண்ணு. இந்த டின் ஒரு டஜன் வாங்கிக் குடு. நாளையிலேருந்து தினமும் சாயங்காலம் கதவைச் சாத்திட்டுப் போடப் போறேன். இனி இருமல் மருந்து, டாக்டர், ஒண்ணும் வேண்டாம்."

தேவகி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். டாக்டர் வேண்டாம் என்றதும் அவள் முகம் விழுந்துவிட்டது. நாலு வருஷமாக அவள் வேண்டியது அந்த ஒன்றைத்தான்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சபலம் தட்டியது. பெண் கிடைத்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் அந்த மனிதர் தினமும் கதவைச் சாத்திக்கொண்டு அரை டின் தூளைக் கொளுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு மாதத்தில் அவரும் படத்தோடு பேசுவார். அப்புறம் ஒருநாள் படமாகவே ஆகிவிடுவார். மருந்து கொடுப்பவன் மீது நம்பிக்கை வைத்து அந்தப் பெண் வாரா வாரம் வந்தாளே என்று நினைத்தேன். பையில் இருந்த டின்னை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதுதான் சாம்பிராணி" என்றேன்.

"அப்ப அது?"

"மருந்து. இளைப்புக்கு."

"யாருக்கு?"

"எனக்கு."

சித்தப்பா படத்திடம், "அந்தப் பையன்தான்பா" என்றார்.

"உனக்கு இளைப்பு இருக்கு" என்றார் பிள்ளை, ஒவ்வொரு எழுத்தாக. "என்கிட்ட மறைச்சுட்டே."

"மறைச்சேன். தப்பு." இரண்டு எபிட்ரின் மாத்திரை உள்ளே இருந்ததாலோ என்னவோ, நாக்கு அதோடு நிற்கவில்லை. "ஆனா நீங்களும் மறைக்கிறீங்க. அந்தப் புகை நல்ல நெஞ்சுக்கு இருமலைத்தான் குடுக்கும். மூச்சைத் திறந்துவிடுதுன்னா, ஏற்கெனவே அடைச்சிருக்குன்னு அர்த்தம். இந்த வீட்டுல பதினாறு பேர் இருமினாங்க. மூச்சு திறந்தது ரெண்டு பேருக்குத்தான். ஒண்ணு நான்."

பிள்ளை எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தேவகியின் அம்மா சித்தப்பாவின் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "நீ வீட்டுக்குப் போ தம்பி" என்றார். அதில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாசலில் தேவகி வழிமறித்தாள்.

"அஞ்சு மாசம் உங்க முன்னால நின்னு எங்க அப்பா மூச்சைப் பத்திப் பேசினேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எனக்கும் அப்படித்தான்னு சொல்லியிருக்கலாம் இல்லே?"

சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே வீடு வந்தேன். சித்தப்பாவுக்கு என்ன ஆனதோ என்று இருப்புக்கொள்ளாமல் டாக்டர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி, அவரை அழைத்துக்கொண்டு மறுபடி காஜா பேராங் போனேன். நான் தெருவிலேயே நின்றேன். டாக்டர் பார்த்துவிட்டு வந்து, "தூங்கினாச் சரியாப்போயிடும்" என்றார். கூடவே, "லேபிள் ஒட்டத் தெரியாதவனுக்கு என் கிளினிக்கில என்னடா வேலை?" என்றும் கேட்டார்.

மூன்று நாள் கழித்துக் கிளினிக் கதவு திறந்தது. கோட்டு, குடை, கண்ணாடி. நடராஜா பிள்ளை. பின்னால் தேவகி. என்னைப் பார்க்காமல் நேராக டாக்டர் அறைக்குள் போனார். அரை மணி நேரம் கழித்துச் சீட்டோடு வெளியே வந்து, என் ஜன்னலில் நீட்டினார். எபிட்ரின் மாத்திரை; வேளைக்கு ஒன்று. ரப்பர் பந்து வைத்த கண்ணாடிக் குழல். அவர் தினமும் பிடிக்கும் சுருட்டை இன்றோடு நிறுத்த வேண்டும் என்று கீழே கோடு போட்டு எழுதியிருந்தது.

மாத்திரையை எண்ணிப் போட்டு, லேபிளை என் வாழ்நாளிலேயே அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டிக் கொடுத்தேன். அவர் லேபிளை இரண்டு முறை படித்தார். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். பிறகு பேசினார்.

"உனக்குப் பொண்ணு குடுக்கலாமான்னு முன்னோர்கிட்ட கேட்டேன். அவங்க இன்னும் இருமிக்கிட்டிருக்காங்க. அதனால என் மககிட்ட கேட்டேன்."

நான் தேவகியைப் பார்த்தேன். அவள் போத்தல் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு வருஷமா என்னால முடியாததை இவர் அரை டின்னுல முடிச்சுட்டார்" என்றாள். "இனிமே எதையும் மறைக்கக் கூடாது. மறைச்சா மீதி அரை டின் என்கிட்டதான் இருக்கு."

கல்யாணம் நடந்தது. மாமனாரும் நானும் அதன் பிறகு ஒரே கட்சி. மழை பெய்யும் நாட்களில் அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணாடிக் குழலை ஆளுக்கு ஒரு தடவை அமுக்கிக்கொண்டு ஊர்க்கதை பேசுவோம். (டாக்டருக்குத் தெரிந்தால் திட்டுவார்.) ஆனால் என் மேல் இருந்த வழக்கை அவர் கடைசிவரை வாபஸ் வாங்கவில்லை. ஒவ்வொரு போகிக்கும் சாம்பிராணி வாங்கி வருவது நான்தான். அதைக் குடும்பத்தில் பெரியவர் முதல் கைக்குழந்தை வரை வரிசையாக மோந்து பார்க்க வேண்டும். எல்லோரும் மோந்து முடித்த பிறகு, மாமனார் நில அலுவலகப் பாணியில் டின் மேல் ஒரு லேபிள் ஒட்டி, தேதி போட்டு, கையெழுத்து வைப்பார். சித்தப்பா ஒவ்வொரு தடவையும் டின்னைத் திருப்பிக் கொடுக்கும்போது, "முதல் தடவையது இன்னும் நல்லா இருந்தது" என்பார். மாமரத்தை வெட்டக் கூடாது என்று அப்பா நேரில் சொன்னதாக அவர் கடைசிவரை சாதித்தார். மரம் இன்னும் நிற்கிறது.

மாமனார் தன் எழுபத்தெட்டாம் வயதில் போனார், தூக்கத்தில், மூச்சுத் திணறாமல். அடுத்த போகிக்கு அவருக்கும் ஒரு இலை போட்டோம். நாசி லெமாக் வைத்தோம், மீன் குழம்பு வைத்தோம். சுருட்டு வைக்கலாமா என்று வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. தேவகி வேண்டாம் என்றாள். உள்ளே போய், அவருடைய அந்தக் கண்ணாடிக் குழலைத் துடைத்து எடுத்து வந்து இலையின் ஓரத்தில் வைத்தாள். அதைப் பார்த்ததும் நான் எல்லோர் முன்னாலும் அழுதேன். புகையால் என்று யாரும் நம்பவில்லை.

இப்போது குழந்தைகளுக்குக் குழந்தைகள் வந்து, அவர்களும் டின்னை மோந்து பார்த்து என்னை ஒரு பார்வை பார்க்கிறார்கள். போன போகியன்று தேவகியிடம் என் நீல இன்ஹேலரைக் காட்டி, "நான் போனதும் என் இலையில் இதை வைச்சிடு" என்றேன்.

"வைக்கிறேன்" என்றாள். "லேபிள் ஒட்டித்தான் வைப்பேன்."